சிமெண்டுப் பொட்டு

"சுவரை ஒட்டி எதுவும் இருக்கக் கூடாதும்மா. எல்லாத்தையும் ஒரு முழம் தள்ளி நடுவுல போட்டுடுங்க" என்று கரையான் மருந்துக்காரர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொல்ல அவருக்கு என்ன? வீடு என்பதே சுவரை ஒட்டி வைத்த சாமான்கள்தான் என்பது பெரியவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பீரோ, தையல் மெஷின், துணி வெட்டும் மேசை, அரிசி டின், குடை மாட்டுகிற ஆணி, எல்லாமே சுவரை நம்பித்தான் பிழைத்துக்கொண்டிருந்தன. நடுவில் இருந்தது மனிதர்கள் நடந்து போகிற வழி மட்டும்தான். அந்த வழியில்தான் இப்போது அத்தனையையும் குவிக்க வேண்டும்.

சுவரை ஒட்டி எதுவும் வைக்காத இடம் ஒன்றே ஒன்று அந்த வீட்டில் இருந்தது. நடுச்சுவரில், சமையலறைக்குப் பக்கத்தில், ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு வெறும் சுவர். அங்கே சுண்ணாம்பு உதிர்ந்து, ஒரு தட்டு அளவுக்குக் குழிந்திருந்தது. அதன் கதை இப்படி. அப்பா விட்டுப்போன ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்டவர்கள் அக்காவும் தங்கையும். தெருவில் யாரும் அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவள், சின்னவள், அவ்வளவுதான். சுவர் எழும்பியபோது சின்னவள் அழுதாளாம், "இனிமே நீ கூப்பிட்டா எனக்குக் கேக்காதேக்கா" என்று. பெரியவள் கரண்டிக் காம்பால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டி, "இது கேக்குதா? அப்புறம் என்னடி?" என்றாள். அன்று தொடங்கியது. இரண்டு தட்டுத் தட்டினால் டீ தயார், வா என்று அர்த்தம். பதிலுக்கு ஒரு தட்டு என்றால் வருகிறேன் என்று அர்த்தம். எந்தப் பக்கம் டீ போட்டாலும் இரண்டு பக்கமும் குடித்தார்கள்.

அம்மா போனபோது சின்னவளுக்கு நடை கூடச் சரியாக வரவில்லை. தலை வாரிவிட்டு, மூக்குச் சிந்திவிட்டு, பள்ளிக்கூடத்து வாசலில் அழ அழ விட்டுவிட்டு வந்தவள் பெரியவள்தான். வீட்டைப் பிரித்தபோதும் காலை வெயில் வருகிற பாதியைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்தாள். தனக்குப் பிள்ளை இல்லாததைப் பற்றி யாராவது வாயெடுத்தால், "எனக்குத்தான் ஒண்ணு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கே" என்று சொல்லி அந்த வாயை அடைத்துவிடுவாள்.

பெரியவளின் கணவருக்குத் தெருவில் நாற்காலிக்காரர் என்று பேர். உடைந்த நாற்காலி, ஆடுகிற மேசை, கதவு கழன்ற அலமாரி எதுவானாலும் அவரிடம் கொண்டுவந்து போடுவார்கள். வீட்டுப் பின்பக்கத் தாழ்வாரத்தில் அவருடைய பட்டறை மேசை கிடந்தது. சுற்றிலும் பழைய மரங்கள், கால் ஒரு கட்டு, கை ஒரு கட்டு என்று வகை பிரித்து அடுக்கியிருப்பார். ஒரு துண்டைக் கூட வீசமாட்டார். "இதுக்குன்னு ஒரு நாற்காலி எங்கயாவது உடையும்" என்பார். உடையும், அவரும் எடுத்துப் பொருத்துவார்.

இதெல்லாம் முன்பு. இப்போது அவர் ஊரின் அந்தக் கோடியில் ஒரு ஃபர்னிச்சர் கடையில் கூலிக்கு வேலை பார்க்கிறார். தொழிற்சாலையில் செய்து வந்த பலகைகளை வாங்கினவர் வீட்டுக்குப் போய் ஸ்க்ரூ போட்டு முடுக்கிக் கொடுக்கிற வேலை. ஸ்க்ரூவும் அவர்களே கொடுக்கிறார்கள், எண்ணிப் போட்டிருப்பதால் மிச்சம் கூட ஆகாது. தாழ்வாரம் காலியாகக் கிடக்கிறது. காரணம் கரையான்.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் பெரியவள் வீட்டு உள்கதவு நிலையில் மண் கோடு ஒன்று ஏறியிருந்தது. துடைப்பத்தால் தட்டிவிட்டாள். மறுவாரம் மறுபடி ஏறியது. சின்னவளைத் தட்டிக் கூப்பிட்டுக் காட்டினாள். சின்னவள் அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அத்தான் எங்கெங்கேயோ இருந்து பழைய மரமா கொண்டாந்து குவிக்கிறாரே, அதுலேர்ந்துதான் வந்திருக்கும்க்கா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. கரையான் மரத்தை அரித்தது, வார்த்தை பெரியவளை அரித்தது. சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது, விளக்கை அணைக்கும்போது, எப்போதும் அதே பேச்சு. "உங்க குப்பையால எங்க அப்பா வீடு போகப்போகுது." அவர் முதலில் சிரித்தார், பிறகு வாதாடினார், பிறகு வாயை மூடிக்கொண்டார். ஒரு நாள் அவர் வெளியே போயிருந்த நேரத்தில் பெரியவள் அத்தனை மரத்தையும் பின்சந்தில் இழுத்துப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டாள். கால் கட்டு, கை கட்டு, கடைசியில் பட்டறை மேசை. சின்னவளும் கூட நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நாற்காலிக்காரர் திரும்பி வந்தபோது மேசையின் ஒரு கால் மட்டும் புகைந்துகொண்டிருந்தது. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அதை அணைத்தார். அதற்கப்புறம் அவர் அந்த வீட்டில் சுத்தியலைக் கையில் எடுக்கவில்லை.

கரையான் மட்டும் போகவில்லை. நிலையைத் தின்றுவிட்டுப் பரணுக்கு ஏறி, தைக்கக் கொடுத்திருந்த பள்ளிச் சீருடைத் துணிக்கட்டு ஒன்றையும் பதம் பார்த்தபிறகுதான் மருந்துக்காரரைக் கூப்பிட்டார்கள்.

மருந்துக்காரர் நல்ல பருமன். குனியும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவார். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் நிலையைத் தட்டினார், டப்பா மாதிரிச் சத்தம் வந்தது. திருப்பிப் பிடித்துக் குத்தினார், பிடி வரைக்கும் இறங்கியது.

"இது மேல வண்ணம் மட்டும்தாம்மா நிக்குது. எத்தனை நாளா?"

"ரெண்டு மழையாச்சு. வீட்டுலயே பழைய மரம் வச்சிருந்தோம், அதுல வந்தது" என்றாள் பெரியவள், கணவர் பக்கம் திரும்பாமலே.

"இது மரத்துல வர்றது இல்லையே. மண்ணுக்குள்ளேர்ந்து ஏறுது பாருங்க, கோடு கீழேர்ந்துதானே வருது?" என்று சொல்லிவிட்டு நடுச்சுவரைப் பார்த்தார். "அந்தப் பக்கம் யாரு?"

"என் தங்கச்சிதான்."

சின்னவளும் அவள் கணவரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். அவருக்கு ஜாக்கிரதை என்று பட்டப்பேர். ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். படி ஜாக்கிரதை, தண்ணி ஜாக்கிரதை, பூட்டு ஜாக்கிரதை என்று அவர் வாயில் நாளுக்கு நூறு தடவை அந்தச் சொல் வரும். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், மறுபடி திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள்.

"அந்தப் பக்கமும் பாத்துடலாமா சார்?"

"எங்க பக்கம் சுத்தமா இருக்கு. ஒண்ணும் இல்ல" என்றார் ஜாக்கிரதை.

"இல்லாம இருக்காதே. ஒரே அஸ்திவாரம். ஒரு பக்கம் மட்டும் மருந்து போட்டா அது செத்துப்போயிடாதுங்க. மருந்து இல்லாத பக்கமா நகர்ந்து போயிடும். ரெண்டையும் சேர்த்துச் செய்யறதுதான் முறை."

பெரியவள் சின்னவள் பக்கம் திரும்பினாள். "ஐயையோ, அப்படின்னா என் வீட்டுக்கு மருந்து போட்டா அவ வீட்டுக்குப் போயிடுமா? வேண்டாம்டி. சேர்த்தே செஞ்சிடலாம். அது வரைக்கும் நான் பொறுத்துக்கறேன்."

"பரவாயில்லக்கா. நீ முதல்ல செஞ்சுக்கோ" என்றாள் சின்னவள், செருப்பைப் பார்த்துக்கொண்டே.

"இல்லடி, பின்னாடி உனக்கு..."

"நாங்க ஜாக்கிரதையா பாத்துக்கறோம்" என்று பேச்சை முடித்தார் ஜாக்கிரதை.

எவ்வளவு பெரிய மனசு என்று பெரியவள் நினைத்தாள். நாற்காலிக்காரர் மட்டும் தரையில் உதிர்ந்த மரத்தூளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமான் ஒதுக்கும் வேலை லேசுப்பட்டதாக இல்லை. பரணில் இருந்து இறங்கிய தூசியில் பெரியவளுக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். மேசையின் இழுப்பறையை உருவியபோது எந்தக் காலத்திலோ தொலைந்த கத்தரிக்கோல் கிடைத்தது. அதைத் திருடியதாகச் சந்தேகப்பட்டு ஒரு வேலைக்காரப் பெண்ணை நிறுத்தியது நினைவுக்கு வந்து, சட்டென்று அதைத் துணிக்குள் செருகிவிட்டாள். அரிசி, பருப்பு, மாவு எல்லாம் பக்கத்து வீட்டுக்கு. தண்ணீர்ப் பானை, படுக்கை, மாத்திரை, மாற்றுத் துணி பக்கத்து வீட்டுக்கு. பீரோவை மட்டும் நகர்த்த முடியவில்லை. நாற்காலிக்காரர் அதன் காலடியில் ஈரச் சாக்கைச் செருகி, ஒற்றை ஆளாகவே இழுத்துக்கொண்டுபோய் நடுவில் நிறுத்தினார்.

"அந்தக் கைக்கு இன்னும் வித்தை மறக்கலை" என்றாள் பெரியவள், கொஞ்சம் சமாதானம் மாதிரி.

"சாக்குக்குத்தான் வித்தை" என்றார் அவர்.

எல்லாம் குவிந்ததும் பழைய போர்வைகளைப் போட்டு மூடினார்கள். வெளியே வானம் கறுத்துக் கிடந்தது. புழுக்கம் தாங்கவில்லை. மருந்து போட்டுக் கதவு ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டால் வாடை போகிற வரை சில நாள் உள்ளே வரக் கூடாது, இழுப்புக்காரம்மா எட்டிக் கூடப் பார்க்கக் கூடாது என்று மருந்துக்காரர் சொல்லியிருந்தார். "அதுக்கென்ன, நம்ம வீடு இருக்கு" என்றாள் சின்னவள். நம்ம வீடு என்று அவள் சொன்னது பெரியவளுக்கு இனித்தது.

சின்னவள் விழுந்து விழுந்து கவனித்தாள். அக்காவுக்குக் காற்று வேண்டும் என்று சிறிய அறையில் இடம் செய்தாள். நடுச்சுவரை ஒட்டிக் கிடந்த பெரிய டிரங்குப் பெட்டியை மூச்சு வாங்க இழுத்து, இன்னொரு மூலைக்குத் தள்ளிவிட்டு, ஜன்னலுக்கு நேராகப் பாய் விரித்து, மேலே இரண்டு மெத்தை போட்டாள். ஜாக்கிரதை கிடங்கிலிருந்து வந்து பெட்டி இடம் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு, "இதை யார் நகர்த்தச் சொன்னா?" என்று கேட்டார். "அக்காவுக்குக் காத்து வரட்டும்னு..." என்றாள் சின்னவள். அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்து, பெரியவளைப் பார்த்ததும், "ஜன்னல் கொக்கி ஜாக்கிரதை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மருந்துக்காரரின் ஆட்கள் வந்தார்கள். சுவரோரமாகத் தரையில் துளை போட்டு, மருந்தை ஊற்றி, சிமெண்டால் அடைக்கிற வேலை. நாற்காலிக்காரர் கடைக்கும், ஜாக்கிரதை கிடங்குக்கும், சின்னவளின் மகள் பாப்பா பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டார்கள். சின்னவள் சோறும் குழம்பும் முட்டையும் போட்டு, "சாப்பிட்டுக் கொஞ்சம் படுக்கா, ராத்திரி பூரா இழுத்துக்கிட்டு இருந்தே" என்றாள். பெரியவள் படுத்தாள். மெத்தை புழுங்கியது. தள்ளிவிட்டுத் தரையிலேயே கன்னத்தை வைத்துக்கொண்டாள். தரை ஜில்லென்று இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம், தன் வீட்டில், துளை போடுகிற சத்தம் தொடங்கியது. டர்ர்ர் என்று ஒரு இழுப்பு. நின்றது. மூச்சு விடுகிற நேரம் கழித்துக் கொஞ்சம் தள்ளி இன்னொரு டர்ர்ர். நின்றது. மறுபடி தள்ளி. சத்தம் சுவரின் அடியோடு அடியாக நகர்ந்துகொண்டே போனது.

இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று இருந்தது அவளுக்கு.

கேட்டிருக்கிறாள். இதே சுவரில்தான். அப்போது அவள் அந்தப் பக்கம் மெஷினில் உட்கார்ந்திருந்தாள், சத்தம் இந்தப் பக்கம் இருந்து வந்தது. இதே இழுப்பு, இதே இடைவெளி, இதே மாதிரித் தரையோடு நகர்வு. சீருடை சீசன், தலைக்கு மேல் வேலை. "என்னடி இடிக்கிறாங்க?" என்று வாசலுக்கு வந்து கேட்டதற்கு, "சுவர்ல அலமாரி மாட்டறோம்க்கா. தூசியா இருக்கு, உனக்கு ஆகாது, நீ உள்ள வராத" என்று கதவைப் பாதி சாத்திக்கொண்டு சொன்னாள் சின்னவள். சாயந்திரம் ஏதோ மருந்து வாடை வந்ததற்கு வார்னிஷ் என்றாள். தன் இழுப்பைப் பற்றித் தங்கைக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டு பெரியவள் மெஷினுக்குத் திரும்பினாள். அந்த ஆட்களுக்கு டீ கூடப் போட்டு அனுப்பினாள்.

அலமாரி மாட்டுகிறவன் தரையோடு தரையாகவா துளைப்பான்?

கன்னத்தை எடுக்காமலே கண்ணைத் திறந்தாள். நடுச்சுவரின் அடியில், டிரங்குப் பெட்டி கிடந்த இடத்தில், தரையில் ஒரு வட்டம் தெரிந்தது. ரூபாய்க் காசு அளவுக்கு, தரையின் நிறத்துக்கு ஒட்டாத சாம்பல் நிறத்தில் ஒரு சிமெண்டுப் பொட்டு. ஒரு சாண் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. கட்டிலுக்கு அடியில் புகுந்து அறைக்கோடி வரைக்கும் வரிசை போனது. துடைத்துத் துடைத்து வழவழவென்று ஆகிப்போன பழைய பொட்டுகள். பெரியவள் கையை நீட்டி ஒன்றின் மேல் விரலை வைத்தாள். அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் டர்ர்ர் என்றது, விரலில் அதிர்ந்தது.

எழுந்து உட்கார்ந்தாள். இழுப்பு வரவில்லை. வந்திருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும், அதைக் கவனித்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

சமையலறையில் சின்னவள் டீ கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். வெளியே தூறல் விழத் தொடங்கியிருந்தது.

"எழுந்துட்டியாக்கா? சத்தத்துல எப்படித் தூங்குவ? இரு, டீ தரேன்."

"அலமாரி எங்கடி?"

"என்ன அலமாரி?"

"அன்னிக்கு ஆள் வச்சு மாட்டினியே. சுவர்ல. ரெண்டு மழைக்கு முன்னாடி."

சின்னவளின் கை அடுப்பிலேயே நின்றது. டீ பொங்கி வழிந்தது. அவள் அணைக்கவில்லை. பெரியவள்தான் எட்டி அணைத்தாள்.

"அக்கா..."

"பெட்டிக்கு அடியில வரிசையா பொட்டு வச்சிருக்கு. இப்ப எங்க வீட்டுல என்ன செய்யறாங்களோ அதேதான்."

"அக்கா, சத்தியமா நான் வேணும்னு செய்யலக்கா."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"எங்க கட்டில்ல வந்துடுச்சுக்கா அப்ப. அவர் ஆளைக் கூட்டிட்டு வந்து காட்டினாரு. அந்த ஆளு, ரெண்டு வீட்டையும் சேர்த்துச் செய்யணும்னுதான் சொன்னாரு. நான் உன்கிட்ட கேட்டுட்டு வரேன்னேன். இவர்தான், அவங்க வீட்டுல அவ்வளவு மரமும் துணியும் கிடக்கு, சீசன் வேற, காலி பண்ணச் சொன்னா ஆறு மாசம் இழுப்பாங்க, அதுக்குள்ள நம்ம வீடு போயிடும், முதல்ல நம்மளதை முடிச்சுக்கலாம்னாரு."

"கேட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல, நான் இழுப்பேனா மாட்டேனான்னு."

சின்னவள் டீப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

"சரி. செஞ்சுக்கிட்டீங்க. உங்க வீடு, உங்க பாடு. என் நிலையில மண்ணு ஏறினப்போ கூப்பிட்டுக் காட்டினேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"பயந்துட்டேன்க்கா. இந்தப் பக்கத்துதுதான் அங்க வந்துடுச்சுன்னு தெரிஞ்சு போச்சு. என்ன சொல்றதுன்னே தெரியல. வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன்."

"வாய்ல என்ன வந்தது?"

"அக்கா, விடுக்கா..."

"சொல்லு. உன் வாய்ல என்ன வந்ததுன்னு நான் கேக்கணும்."

"அத்தான் மரத்துலேர்ந்து வந்திருக்கும்னு..."

பெரியவள் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அதுவும் அவர் கால் மாற்றிக் கொடுத்த ஸ்டூல்தான்.

"ஒரு வார்த்தைதான்டி நீ சொன்ன. நான் அதைப் பிடிச்சுக்கிட்டு அந்த மனுஷனை எவ்வளவு பேசியிருக்கேன். சோத்துத் தட்டை வச்சுக்கிட்டுப் பேசியிருக்கேன். நீ இந்தப் பக்கத்துலேர்ந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்திருப்ப? இந்தச் சுவர்ல எல்லாம் கேக்குமே."

சின்னவள் அழ ஆரம்பித்தாள். சின்ன வயதிலிருந்தே அவள் அழுதால் மூக்கு முதலில் சிவக்கும். பெரியவளின் கை தன்னை அறியாமல் முந்தானையை எடுத்தது, மூக்கைத் துடைத்துவிடுவதற்கு. பாதியில் நிறுத்தி, அதாலேயே அடுப்படியில் வழிந்திருந்த டீயைத் துடைத்தாள்.

"மரத்தைக் கொளுத்தினோமே, அன்னிக்கு?"

"அக்கா..."

"நீயும் கூட நின்ன. கால் கட்டை நீ எடுத்துக் கொடுத்த, கை கட்டை நீ எடுத்துக் கொடுத்த. பட்டறை மேசையை என்னால தூக்க முடியலன்னு ஒரு பக்கம் நீ பிடிச்ச. அப்ப உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே பிடிச்சிருக்க."

"நீ அவ்வளவு ஆவேசமா இருந்தக்கா. உன்னை நிறுத்த எனக்குத் தைரியம் வரல."

"நிறுத்த வேண்டாம்டி. கை கொடுக்காம இருந்திருக்கலாம்ல?"

தூறல் வலுத்து ஓட்டில் இறங்கியது. அந்தப் பக்கம் துளை போடுவது நின்று, வாளிச் சத்தம் கேட்டது. சின்னவள் விசும்பலுக்கு நடுவில், "நான் போய் அத்தான் கால்ல விழறேன்க்கா" என்றாள்.

"விழு. அவர் எழுப்பிவிட்டுடுவார். அந்த மனுஷன் அப்படித்தான். எனக்கு என்ன வழின்னு நீ சொல்லு" என்றாள் பெரியவள்.

சாயந்திரம் ஜாக்கிரதை வந்ததும் விஷயம் தெரிந்து, "ஒரு நிமிஷம் அஜாக்கிரதையா இருந்தா இப்படித்தான்" என்று டிரங்குப் பெட்டியைப் பார்த்துச் சொன்னாராம். பெரியவள் அதைக் கேட்க அங்கே இல்லை. பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, தான் துணி தைத்துக் கொடுக்கிற கடைக்காரரிடம் கேட்டு, அவர் கடையின் பின்னறைக்குப் போய்விட்டாள். நாற்காலிக்காரர் வேலை முடிந்து அங்கேயே வந்தார். ஏன் இங்கே என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. துணி மூட்டைகளுக்கு நடுவே ரொட்டியும் டீயுமாக வீடு ஆறுகிற வரை ஓட்டினார்கள்.

வீட்டுக்குத் திரும்பிய அன்று நல்ல வெயில். ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, வாசலில் வெகு நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். வாடை இன்னும் லேசாக இருந்தது. மூலை மூலைக்குச் செத்த பூச்சிகள். சுவரோரமெல்லாம் புதுச் சிமெண்டுப் பொட்டுகள், ஈரச் சாம்பல் நிறத்தில் வரிசையாக. நடுச்சுவர் ஓரம் போன வரிசையைப் பெரியவள் நின்று பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இதே போல் இன்னொரு வரிசை. அது பழசு.

"அவங்க வீட்டுல..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்" என்றார் நாற்காலிக்காரர். அவர் குனிந்து மெஷினின் காலை நேர்படுத்திக்கொண்டிருந்தார்.

"என்ன தெரியும்?"

"பொட்டு வச்சிருக்கிறது. கட்டில் கால் ஆடுதுன்னு உன் தங்கச்சி கூப்பிட்டாளே, அன்னிக்குப் பாத்தேன். அதுக்கப்புறம்தான் அந்த இடத்துக்குப் பெட்டி வந்துச்சு."

"அது எப்ப?"

"நீ கொளுத்தினதுக்கு அப்புறம்."

பெரியவள் மெஷினைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை நாளா தெரியுமா? எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. அவளுக்குத் தெரியும், அவ புருஷனுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் ஒருத்திதான் மடச்சியா? ஏன் என்கிட்ட சொல்லல?"

அவர் நிமிர்ந்தார். "சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

அவள் வாயைத் திறந்தாள். நம்பியிருப்பேன் என்று சொல்ல வரவில்லை.

"'உங்க தப்பை மறைக்க என் தங்கச்சி மேல பழி போடறீங்களா'ன்னு கேட்டிருப்ப" என்றார் அவர், கோபமே இல்லாமல். "மரமும் சாம்பலாப் போச்சு. அப்புறம் சொல்லி என்ன?"

"அதுக்காக? நான் பேசினதை எல்லாம் வாங்கிக்கிட்டு இருப்பீங்களா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பளிச்சுனு சொல்லியிருக்கக் கூடாதா?"

"உனக்கு உன் தங்கச்சின்னா உயிரு. அதுக்கு நடுவுல நான் எங்க வந்து நிக்கிறது?" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி குனிந்துகொண்டார்.

இருவரும் சாமான்களைப் பிரித்தார்கள். போர்வைகளை உதறினார்கள். அரிசி டின் அதன் இடத்துக்குப் போனது, குடை ஆணிக்குப் போனது. தாழ்வாரத்துக் கதவைத் திறந்தபோது பெரியவள் அங்கேயே நின்றாள்.

"இந்த இடம் சும்மாதானே கிடக்கு. ஒரு பட்டறை மேசை செஞ்சு போடுங்களேன். பழைய மரம் யார்கிட்டயாவது சொல்லி வைக்கிறேன். கடைக்குப் போக வேண்டாம்."

"வேண்டாம்."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. அங்கேயே பழகிப்போச்சு. துண்டு மரம் ஒண்ணும் மிஞ்சாது, வீட்டுக்கு எதையும் கொண்டுவர வேண்டியது இல்ல. நிம்மதி."

அவர் அதை நிஜமாகவே சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. குத்திக்காட்டியிருந்தால் கூட அழுதுவிட்டுப் போயிருப்பாள்.

அப்போது நடுச்சுவரில் சத்தம் கேட்டது. டொக், டொக்.

சமையலறைக்குப் பக்கத்தில், சுண்ணாம்பு குழிந்த அந்த இடத்தில். டீ தயார், வா. இரண்டு பேரும் கையில் இருந்ததைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, இந்தத் தடவை மெதுவாக, டொக், டொக். நாற்காலிக்காரர் அவளைப் பார்த்தார். "பதில் தட்டேன். அழுதுகிட்டு நிக்கும்" என்றார்.

பெரியவள் கரண்டியைத் தேடவில்லை. கூடத்தின் நடுவில் நின்ற பீரோவிடம் போய், அதன் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"கொஞ்சம் கை கொடுங்க."

"எங்க வைக்கணும்? பழைய இடத்துலதானே?"

"இல்ல. அங்க." கையை நீட்டிக் காட்டினாள்.

அவர் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு ஈரச் சாக்கைக் கொண்டுவந்து காலடியில் செருகினார். இருவருமாகத் தள்ளினார்கள். பீரோ முனகிக்கொண்டே நகர்ந்து, வெறும் சுவரை மூடிக்கொண்டு, நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டி நின்றது. அதன் உள்ளே முழுக்கத் துணி. அக்கா தங்கை இருவரின் சின்ன வயதுத் துணியும் அதில்தான் இருந்தது.

மூன்றாவது தடவை தட்டியபோது சத்தம் அமுங்கி, எங்கோ தொலைவிலிருந்து வருவது போல இருந்தது. பெரியவள் மெஷினில் உட்கார்ந்து, சீருடைத் துணியை எடுத்து, ஊசியில் நூலைக் கோர்க்கத் தொடங்கினாள். நூல் காதில் ஏறவில்லை. நாற்காலிக்காரர் வந்து கோர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்.